மைனஸ் ஆறு பவருக்கு 1.74 லென்ஸ் அவசியமா?

ஜூன் 3 – கேள்வி

வலது −6.00, இடது −5.75, இரண்டிலும் சிலிண்டர் −0.75, ஆக்சிஸ் 180. பழைய கண்ணாடி சோடாபுட்டி மாதிரி இருக்கிறது, புகைப்படம் எடுக்கிறார்கள் என்றால் கழற்றிவிடுகிறேன். இந்த முறை பெரிய வட்ட ஃபிரேம் ஒன்று பிடித்துப்போய்விட்டது. காதுக் கம்பியின் உள்பக்கம் 52, 20 என்று போட்டிருக்கிறது. இந்தப் பவருக்கு 1.74 லென்ஸ்தான் சரி, மெல்லியதாக இருக்கும், பார்வையும் துல்லியமாகத் தெரியும் என்று கடையில் சொல்கிறார்கள். சாதா லென்ஸைப் போல ஏழு மடங்கு விலை. நீல ஒளி தடுக்கும் கோட்டிங் அதற்கு மேல் தனி. வாங்கலாமா?

ஜூன் 3, இரவு

‘துல்லியமாகத் தெரியும்’ என்பதை முதலில் கழித்துவிடுங்கள். 1.74 என்பது அந்தப் பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கும் என்று சொல்லும் எண், இண்டெக்ஸ் என்பார்கள். அதிகம் வளைத்தால் அதே பவரைக் குறைந்த குழிவில் கொண்டுவந்துவிடலாம், லென்ஸ் மெலியும். அவ்வளவுதான்.

தெளிவைப் பற்றிப் பேசுவதென்றால் ஆபே எண் என்று இன்னொன்று உண்டு. வெள்ளை ஒளியை லென்ஸ் எந்த அளவுக்கு நிறம் நிறமாகப் பிரித்துவிடும் என்பதற்கான எண் அது. கூடுதலாக இருந்தால் நல்லது. சி.ஆர்.39 எனப்படும் சாதா பிளாஸ்டிக்குக்கு 58. 1.60க்கு 41 வாக்கில். 1.67க்கு 32, 1.74க்கு 33, எளிதில் உடையாத பாலிகார்பனேட் பிளாஸ்டிக்குக்கு 30. சாதாவிலிருந்து மேலே போகப் போக விலை ஏறுகிறது, இந்த எண் இறங்குகிறது. எந்தக் கவுண்டரிலும் இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

லென்ஸின் நடுவழியாகப் பார்க்கும்போது வித்தியாசம் தெரியாது, ஓரமாகப் பார்க்கும்போதுதான். நானும் உங்கள் பவர்தான். பாலிகார்பனேட் போட்ட முதல் வாரம், டிவியின் அடியில் ஓடும் வெள்ளை எழுத்துகளுக்கு மேலே நீலமும் கீழே ஆரஞ்சுமாகக் கரை கட்டியிருந்தது. டிவி பழுது என்று நினைத்து அரை மணி நேரம் செட்டிங்கைக் குடைந்தேன். கண்ணாடியைக் கழற்றிச் சரிபார்க்கலாமே என்றால், கழற்றினால் டிவியே தெரியாது.

உங்கள் பி.டி. என்ன? அதாவது இரண்டு கண்மணிகளுக்கும் நடுவே உள்ள தூரம். சீட்டில் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். அது தெரியாமல் மேலே பேச முடியாது.

ஜூன் 4

62 என்று பதில் வந்திருக்கிறது. சரி, இப்போது கணக்குப் போடலாம்.

ஃபிரேமில் 52 என்பது ஒரு பக்க லென்ஸின் அகலம், 20 என்பது நடுவில் மூக்கின் மேல் உட்காரும் பாலம். கூட்டினால் 72. இரண்டு லென்ஸின் நடுப்புள்ளிகளுக்கும் இடையே 72 மி.மீ., உங்கள் கண்மணிகளுக்கு இடையே 62 மி.மீ. ஆக ஒவ்வொரு லென்ஸின் ஒளி மையத்தையும் (ஒளி வளையாமல் நேராகப் போகும் புள்ளி) 5 மி.மீ. மூக்குப் பக்கம் தள்ளிப் பொருத்த வேண்டும். அப்படித் தள்ளினால் மையத்திலிருந்து காதுப் பக்க விளிம்பு வரை 26 + 5 = 31 மி.மீ.

மைனஸ் லென்ஸ் நடுவில் மெலிந்து ஓரத்தில் தடிப்பது. மையத்தைவிட ஓரம் எவ்வளவு கூடுதலாகத் தடிக்கும் என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு. அந்த 31ஐ 31ஆல் பெருக்கி, பவரால் பெருக்கி, இண்டெக்ஸில் ஒன்றைக் கழித்து 2000ஆல் பெருக்கிய எண்ணால் வகுக்க வேண்டும். உங்கள் பெரிய ஃபிரேமில் 1.74 போட்டால் 3.9 மி.மீ. வருகிறது.

இப்போது அதே கடையில் 46, 20 ஃபிரேம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 66, தள்ள வேண்டியது 2 மி.மீ. மட்டும், விளிம்பு வரை 25 மி.மீ. இதில் சாதா 1.50 லென்ஸ் போட்டால் 3.75 மி.மீ.

அதாவது சின்ன ஃபிரேமில் போட்ட சாதா லென்ஸ், பெரிய ஃபிரேமில் போட்ட 1.74ஐத் தோற்கடிக்கிறது. ஏழு மடங்கு எங்கே போகிறது என்று பார்த்தீர்களா? தூரம் தூரத்தாலேயே பெருக்கப்படுகிறது, இண்டெக்ஸ் வெறுமனே வகுக்கிறது. ஃபிரேமைக் குறைப்பதுதான் பெரிய வெட்டு.

ஜூன் 4, மாலை

மேலே எழுதியதில் ஒரு ஓட்டை. நடுத் தடிமனை விட்டுவிட்டேன். ஓரத்தில் கூடுவதை மட்டும் கணக்குப் போட்டு வெற்றி அறிவித்துவிட்டேன்.

சாதா பிளாஸ்டிக்கை நடுவில் ரொம்ப மெலிதாக்க முடியாது, உடையும், வளையும். 2 மி.மீ. அளவுக்கு விடுவார்கள். ஹை இண்டெக்ஸில் 1.2, 1.3 வரை இறங்கலாம். அதைச் சேர்த்தால் சின்ன ஃபிரேமில் சாதா 5.75, பெரிய ஃபிரேமில் 1.74 போட்டது 5.1. சாதா தோற்றது.

ஆனால் சின்ன ஃபிரேமில் 1.60 போட்டுப் பாருங்கள். 3.1 கூட்டல் 1.3, ஆக 4.4 மி.மீ. ஏழு மடங்கு கொடுத்ததைவிட மெலிது. எனக்குச் சொன்ன விலைகளில் 1.60 என்பது சாதாவைப் போல இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேல்தான் இருந்தது. ஆக முந்தைய முடிவு நிற்கிறது, ஜெயித்த குதிரை மட்டும் வேறு.

ஜூன் 5

சிலிண்டரை, அதாவது ஒரு திசையில் மட்டும் சேரும் கூடுதல் பவரை, ஏன் சேர்க்கவில்லை என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஆக்சிஸ் என்பது அந்தக் கூடுதல் விழாத திசையின் கோணம். ஆக்சிஸ் 180 என்றால் அந்தக் கூடுதல் 0.75 மேல் கீழாகத்தான் விழும், காதுப் பக்க ஓரத்துக்கு வராது. ஆக்சிஸ் 90 ஆக இருந்திருந்தால் சேர்த்திருப்பேன்.

ஜூன் 6

எடை பற்றி. 1.74 ‘லேசானது’ என்று சொல்லி விற்கிறார்கள். பொருளாக அது கனமானது. ஒரு கன சென்டிமீட்டர் 1.47 கிராம் வாக்கில். சாதா பிளாஸ்டிக் 1.32, பாலிகார்பனேட் 1.20, ட்ரைவெக்ஸ் என்ற இன்னொரு பிளாஸ்டிக் 1.11. அளவு குறைவதால் மொத்த எடை இறங்கலாம், ஆனால் மெலிந்த அளவுக்கு எடை இறங்காது. மூக்கில் பள்ளம் விழுவதுதான் உங்கள் பிரச்சினை என்றால் அதற்கும் மருந்து சின்ன ஃபிரேம்தான். பழைய கண்ணாடிச் சில்லு லென்ஸ் போட்ட தலைமுறையிடம் எடையைப் பற்றிப் புலம்பினால் சிரிப்பார்கள். அது 2.5 கிராமுக்கு மேல்.

ஜூன் 9

விலைக்கு வருவோம். நான் மூன்று இடங்களில் ஒரே சீட்டைக் காட்டி ஒரே சாமானைக் கேட்டேன்: 1.60, ஒற்றைப் பார்வை, ஆன்டி கிளேர் (ஒளி பட்டுத் திரும்புவதைக் குறைக்கும் கோட்டிங்), ஃபிரேம் என்னுடையது. முதல் இடத்து விலையை ஒரு பங்கு என்று வைத்தால் இரண்டாவது ஒன்றரைப் பங்குக்குச் சற்றுக் குறைவு, மூன்றாவது இரண்டரைப் பங்கு. மூன்றாவதில் ஃபிரேம் வாங்கினால் ‘லென்ஸ் பாதி விலை’. பாதியாக்கிய பிறகும் முதல் இடத்தைவிட அதிகம்.

லென்ஸ் விலை என்று ஒரே தொகையாகச் சொல்லும்போது அதற்குள் குறைந்தது நாலு விலை ஒளிந்திருக்கிறது. பொருள், வடிவமைப்பு, கோட்டிங், வெட்டிப் பொருத்தும் கூலி. பிரித்துச் சொல்லுங்கள் என்று கேட்டாலே பேச்சின் தொனி மாறிவிடும். ஒரு இடத்தில் ‘பேக்கேஜ் சார், பிரிக்க முடியாது’ என்றார்கள். சரி, கோட்டிங் வேண்டாம் என்றேன். உடனே ஒரு தொகை குறைந்தது. பிரிக்க முடிகிறதே!

இன்னொரு விஷயம், இது தெரிந்த பிறகுதான் எனக்குப் பல குழப்பம் தீர்ந்தது. லென்ஸ் இரண்டு வழியில் வருகிறது. ஒன்று, தயாராகச் செய்து அடுக்கி வைத்தது. பவர் வாரியாக உறைக்குள் இருக்கும், எடுத்து ஃபிரேமுக்கு வெட்ட வேண்டியதுதான். மற்றது, ஒரு பக்கம் மட்டும் முடித்து வைத்த கட்டியை உங்கள் சீட்டுக்காகப் பின்பக்கம் கடைந்து எடுப்பது. பவர் ரொம்பக் கூடினாலோ, சிலிண்டர் 2க்கு மேல் போனாலோ பெரும்பாலும் இரண்டாவது வழிதான். விலை அங்கே ஒரே எட்டில் ஏறும், நாளும் ஆகும். உங்களுக்குச் சிலிண்டர் 0.75 என்பதால் அடுக்கில் கிடைக்க நல்ல வாய்ப்பு. ‘பத்து நாள் ஆகும், ஸ்பெஷலாகச் செய்கிறோம்’ என்றால் எதற்காக ஸ்பெஷல் என்று கேளுங்கள். பெரிய வட்ட ஃபிரேமுக்குத் தயார் லென்ஸின் விட்டம் போதாமல் இருக்கலாம். அப்படியானால் அந்தக் கூடுதல் காசும் ஃபிரேமுக்காகத்தான் போகிறது.

ஜூன் 10

கோட்டிங் வேண்டாம் என்று நான் சொன்னது பேரத்துக்காக. நிஜத்தில் ஆன்டி கிளேரை விடாதீர்கள், அதிலும் ஹை இண்டெக்ஸ் என்றால் விடவே கூடாது. 1.50 லென்ஸின் ஒவ்வொரு பரப்பும் தன் மேல் விழும் ஒளியில் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். 1.67இல் அது 6.3, 1.74இல் 7.3. இரண்டு பரப்பையும் சேர்த்தால் 1.74இல் ஏறக்குறைய 14 சதவீதம் உங்கள் கண்ணுக்கு வராமல் எதிரே இருப்பவர் முகத்தில் அடிக்கும். இரவில் எதிரே வரும் வண்டி விளக்குக்குப் பக்கத்தில் ஆவி மாதிரி இன்னொரு விளக்கு மிதக்கும். ஆன்டி கிளேர் 1935இல் ஜெர்மனியில் ஜெய்ஸ் நிறுவனத்தின் ஸ்மகுலா என்பவர் கண்டுபிடித்த உத்தி, முதலில் தொலைநோக்கி போன்ற கருவிகளுக்குத்தான் போனது. கண்ணாடிக்கு வந்தது நம் அதிர்ஷ்டம்.

நீல ஒளி கோட்டிங் வேறு கதை. கணினி முன் உட்காருபவர்களின் கண் சோர்வு அதனால் குறைகிறதா என்று கோக்ரேன் அமைப்பு 2023இல் 17 சோதனைகளைச் சேர்த்து அலசியது. சாதா லென்ஸோடு ஒப்பிட்டால் குறுகிய காலத்தில் பலன் இருப்பதாகத் தெரியவில்லை என்பதுதான் முடிவு. திரை பார்க்கும்போது இமைப்பது குறைந்து கண் உலர்கிறது, அதைக் கோட்டிங் என்ன செய்யும்? என்னிடம் ஒரு ஜோடி இருக்கிறது. வெள்ளைச் சுவர் லேசாக மஞ்சளித்துத் தெரிகிறது, எதிரே இருப்பவருக்கு என் கண்ணில் ஊதா மின்னுகிறது. கவுண்டரில் நீல லேசர் பேனாவை அடித்து ‘பாருங்க, தடுக்குது’ என்று காட்டினார்கள். அந்தப் பேனா என் வீட்டுத் திரையில் இல்லை.

ஜூன் 10, இரவு

ஆன்டி கிளேர் பற்றிச் சொன்னவன், அதைக் கொன்ற கதையையும் சொல்லிவிடுகிறேன். வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டில் ஒரு பகல் முழுக்கக் கண்ணாடியை விட்டுவிட்டேன். எடுத்துப் பார்த்தால் லென்ஸ் முழுக்கச் சிலந்தி வலை போல நுண் விரிசல். கீறல் என்று நினைத்துத் துடைத்தேன், போகவில்லை. சூட்டில் பிளாஸ்டிக் விரிகிற அளவுக்குக் கோட்டிங் விரியாது, வெடித்துவிடும். வெந்நீரில் கழுவுவதும் அதே வேலையைத்தான் செய்யும். சாதாத் தண்ணீர், ஒரு சொட்டு சோப்பு, மெல்லிய துணி. சட்டை நுனியால் துடைக்காதே என்று எல்லோரும் சொல்வார்கள், எல்லோரும் சட்டை நுனியால்தான் துடைக்கிறோம்.

ஜூன் 15

கேள்வி கேட்டவர் பதறிப்போய் எழுதியிருக்கிறார். வேறொரு கண் டாக்டரிடம் போனாராம், ஒரே மாதத்தில் பவர் −6.75 ஆகிவிட்டதாம், சிலிண்டர் பிளஸ் ஆகிவிட்டதாம், ஆக்சிஸ் 90க்குத் திரும்பிவிட்டதாம்.

ஒன்றும் ஆகவில்லை. −6.00, −0.75, 180 என்பதும் −6.75, +0.75, 90 என்பதும் ஒரே லென்ஸ். சிலிண்டரை மைனஸில் எழுதுவது ஒரு வழக்கம், பிளஸில் எழுதுவது இன்னொரு வழக்கம். இரண்டையும் கூட்டினால் புதிய பவர், சிலிண்டரின் குறியை மாற்று, ஆக்சிஸை 90 திருப்பு, தீர்ந்தது. உங்கள் கண் ஜூன் 3இல் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

சிரிக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். எனக்கும் இப்படி ஒரு சீட்டு வந்தபோது இரண்டு நாள் தூக்கம் போனது. கூகுளில் விழித்திரை நோய்கள் எல்லாவற்றையும் படித்து முடித்தேன்.

ஜூன் 18

வெயிலில் கறுக்கும் லென்ஸ் வாங்கலாமா என்று வேறொருவர். நடப்பவருக்கு நல்லது. கார் ஓட்டத்தான் என்றால் யோசியுங்கள். அதைக் கறுக்க வைப்பது புற ஊதாக் கதிர், காரின் முன் கண்ணாடி அதைப் பெரும்பாலும் வடிகட்டிவிடும். உள்ளே உட்கார்ந்து வெயிலில் கண் கூசும், லென்ஸ் சும்மா இருக்கும். குளிர்ந்த இடத்தில் அதிகம் கறுக்கும், சூட்டில் குறைவாகக் கறுக்கும் என்பது இன்னொரு வேடிக்கை.

ஜூன் 21

இழை எங்கெங்கோ போகிறது, நானும் போகிறேன். வெள்ளெழுத்து வந்தவர்கள் இரண்டு பேர் புரோகிரசிவ் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். இதில் நான் அதிகம் அடிபட்டவன்.

மேலே தூரம், நடுவில் கணினி, கீழே வாசிப்பு, கோடு கிடையாது. 1959இல் பிரான்சில் மெத்தனாஸ் என்பவர் வாரிலக்ஸ் என்ற பெயரில் கொண்டுவந்தது முதல் அடிப்படை அதேதான். கோடு இல்லாததற்கு விலை உண்டு: லென்ஸின் இரண்டு பக்கமும் கலங்கல். அது எந்த நிறுவனத்தின் குறையும் இல்லை, வடிவியல். மிங்க்விட்ஸ் என்பவர் 1963இல் நிறுவியது, பவர் கீழ்நோக்கி எவ்வளவு வேகமாக ஏறுகிறதோ அதைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் பக்கவாட்டில் கலங்கல் ஏறும். ஆகவே ‘ஓரக் கலங்கலே இல்லாத புரோகிரசிவ்’ என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடலாம். விலை கூடிய வடிவமைப்புகள் கலங்கலை வேறு இடத்துக்கு நகர்த்துகின்றன, பரப்பி நீர்க்க வைக்கின்றன. சிலருக்கு அந்த நகர்த்தல் பெரிய நிம்மதி. குட்டையான ஃபிரேமில் வேகமாக ஏற்ற வேண்டியிருப்பதால் கலங்கல் கூடும். இங்கே மட்டும் சின்ன ஃபிரேம் என்ற என் பல்லவி எடுபடாது, உயரம் வேண்டும்.

என் முதல் புரோகிரசிவ் மேல்தட்டு ரகம். வாங்கிய பிறகு புத்தகம் படிக்க மோவாயைக் கொக்கு மாதிரி உயர்த்த வேண்டியிருந்தது. பழகிவிடும் என்றார்கள், மூன்று வாரம் பழகினேன், கழுத்துதான் பழகியது. காரணம் பிறகு தெரிந்தது. ஃபிரேமில் கண்மணியின் உயரம் குறிக்கும்போது நான் உயரமான ஸ்டூலில், கடைக்காரர் தாழ்ந்த நாற்காலியில். அவர் சரியாகப் பார்க்கட்டும் என்று மரியாதையாக மோவாயைத் தூக்கிக் கொடுத்தேன். அந்த நிலையில் கண்மணி ஃபிரேமுக்குள் கீழே தெரியும், மார்க்கர் புள்ளியும் கீழே விழுந்தது. வாசிக்கும் பகுதி முழுக்க ஃபிரேமின் அடியோடு வெட்டுப்பட்டுப் போயிருந்தது. மேல்தட்டு ரகத்தின் மேல்பாதிக்கு மட்டும் காசு கொடுத்தவன் நான்.

ஜூன் 22

நேற்று எழுதியதோடு இதையும் சேர்க்க வேண்டும். மேலே சொன்னதை மாற்றிச் செய்து கொடுத்தார்கள், அதில் இன்னொரு கோளாறு. புரோகிரசிவ் லென்ஸில் கண்ணுக்குத் தெரியாத குறிகள் பொறித்திருப்பார்கள். லென்ஸின் மேல் வாயால் ஊதி ஆவி படியவிட்டு, விளக்குக்கு எதிரே சாய்த்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒவ்வொரு சிறு வட்டம் அல்லது வேறு குறி, இரண்டுக்கும் நடுவே 34 மி.மீ. காதுப் பக்கக் குறிக்கு அடியில் வாசிப்புக்கான கூடுதல் பவர், 1.75 என்றால் 17 என்றோ 175 என்றோ இருக்கும். மூக்குப் பக்கம் அடியில் எந்த வடிவமைப்பு என்பதற்கான அடையாளம். என்னுடையதில் இருந்த அடையாளம் ரசீதில் எழுதிய ரகத்துடையது அல்ல, அதே நிறுவனத்தின் இரண்டு படி கீழே உள்ளது. முதல் ஜோடியில் சரியாக இருந்திருக்கிறது, இலவசமாக மாற்றிக் கொடுத்ததில் இறக்கிவிட்டார்கள். கொண்டுபோய்க் காட்டினேன். ‘இதெல்லாம் எப்படி சார் தெரியும்?’ என்றார்கள். மன்னிப்பு என்ற சொல் வரவில்லை, லென்ஸ் வந்தது.

வேடிக்கை என்னவென்றால், இரண்டு படி கீழே உள்ளதை ஒரு வாரம் போட்டிருந்தேனே, அதற்கும் மேல்தட்டு ரகத்துக்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. புள்ளி சரியான இடத்தில் விழுந்ததுதான் தெரிந்தது. அடுத்த முறை நடுத்தர ரகம்தான் வாங்குவேன் என்று அன்றே நினைத்தேன். எல்லோருக்கும் அப்படி என்று சொல்லமாட்டேன், சிலிண்டர் அதிகம் உள்ள நண்பர் ஒருவர் மேல்தட்டுக்குக் கீழே இறங்கவே முடியாது என்கிறார்.

ஜூன் 29

இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். பெரிய ஃபிரேம் ஆசை எனக்கும் ஒரு முறை வந்தது, உங்களைப் போலவே. 52, 18. கூட்டினால் 70, என் பி.டி. 62. கண்ணாடி கைக்கு வந்ததும் மகிழ்ச்சி தாங்கவில்லை. மூக்குப் பக்கமும் காதுப் பக்கமும் ஒரே தடிமன், ஒரு பக்கம் தூக்கலாக இல்லாமல் அழகாக உட்கார்ந்திருந்தது. எல்லோரிடமும் காட்டினேன்.

மூன்றாம் நாள் முதல் புருவத்துக்கு நடுவில் ஒரு வலி. மாலையானால் தூரத்துப் பலகை இரண்டாகப் பிரியப் பார்க்கும், இமைத்தால் சேரும். பவர் தவறு என்று நினைத்து லென்ஸ் மீட்டரில் வைக்கச் சொன்னேன். பவர் அச்சுப் பிசகாமல் −6.00. எல்லாம் சரி என்று அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் ஜன்னல் கம்பியை வைத்துத்தான் பிடித்தேன். குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி வெட்டிக்கொள்ளும் இடத்தை, கையில் நீட்டிப் பிடித்த லென்ஸ் வழியாகப் பார்க்க வேண்டும். லென்ஸுக்குள் தெரியும் கம்பி வெளியே உள்ள கம்பியோடு உடையாமல் ஒரே கோடாகச் சேரும்வரை நகர்த்தினால், அந்தப் புள்ளிதான் ஒளி மையம். அங்கே ஒரு மார்க்கர் புள்ளி. இன்னொரு லென்ஸிலும் அதே. நடுவே ஸ்கேல் வைத்தேன். 70.

வெட்டியவர் மையத்தைத் தள்ளவே இல்லை. லென்ஸின் நடுவை ஃபிரேமின் நடுவில் வைத்து வெட்டிவிட்டார். இரண்டு பக்கமும் ஒரே தடிமன் என்று நான் மகிழ்ந்தது அந்தத் தவறைப் பார்த்துத்தான். சரியாகத் தள்ளியிருந்தால் காதுப் பக்கம் தடித்திருக்கும்.

ஒவ்வொரு கண்ணும் மையத்தை விட்டு 4 மி.மீ. உள்ளே தள்ளிப் பார்க்கிறது. பிரென்டிஸ் விதிப்படி பவரைச் சென்டிமீட்டரால் பெருக்க வேண்டும்: 6 × 0.4 = 2.4 பிரிசம், அதாவது லென்ஸ் பார்வையை ஒரு பக்கம் இழுக்கும் அளவு. இரண்டு கண்ணுக்கும் 4.8. அதுவும் கண்கள் இரண்டையும் வெளிப்பக்கம் விலக்கிப் பார்க்க வைக்கும் திசையில். உள்ளே ஒடுக்கிப் பார்ப்பது கண்ணுக்குப் பழக்கமான வேலை, விலக்கிப் பார்ப்பதற்கு அதனிடம் சரக்கு குறைவு. வலிக்காமல் என்ன செய்யும்? −1 பவர்காரருக்கு இதே தவறு நடந்திருந்தால் மொத்தமே 0.8, தெரியாமலே போயிருக்கும்.

ஆகவே கண்ணாடி வாங்கும்போது ‘பவர் பார்த்துக் கொடுங்கள்’ என்று மட்டும் கேட்காதீர்கள். லென்ஸ் மீட்டரில் வைத்து இரண்டு மையங்களிலும் புள்ளி வைக்கச் சொல்லி, நடுத் தூரத்தை உங்கள் கண் முன்னால் அளக்கச் சொல்லுங்கள். பவரில் 0.12 வரை விலகல் பொதுவாக ஏற்றுக்கொள்வதுதான், அதற்குச் சண்டை போட வேண்டாம். நடுத் தூரத்துக்குப் போடலாம்.

ஜூன் 29, சற்று நேரம் கழித்து

70 என்று அளந்தது ஸ்கேலில், கையில் பிடித்து. ஒரு மில்லிமீட்டர் முன்னே பின்னே இருக்கலாம். மையத்தைத் தள்ளி மாற்றிச் செய்த பிறகு வலி போனது நிஜம்.

ஜூலை 2

‘அப்படியானால் யாருமே 1.74 வாங்க வேண்டாமா?’ வாங்கலாம். −8, −9க்கு மேல் போனவர்களுக்கு அந்த அரை மில்லிமீட்டர் ஒரு மில்லிமீட்டர் எல்லாம் முகத்தில் தெரியும். உங்களுக்கு 1.60, மிஞ்சினால் 1.67. −2, −3 பவருக்கு 1.67 விற்கிறவர்களைத்தான் எனக்குப் புரியவில்லை. −2க்கு விளிம்பு 25 மி.மீ. என்றால் சாதாவில் 1.25, 1.67இல் 0.93. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. வாங்கியவருக்கே தெரியாது.

குழந்தைகளுக்கு இந்தப் பேச்சு எதுவும் பொருந்தாது. அவர்களுக்குப் பாலிகார்பனேட் அல்லது ட்ரைவெக்ஸ். பந்து பட்டால் உடைந்து கண்ணில் பாயாதது முக்கியம், நிறக் கரையை அவர்கள் கவனிக்கக்கூட மாட்டார்கள். விளிம்பில்லாமல் துளை போட்டு மாட்டும் ஃபிரேமுக்கு ட்ரைவெக்ஸோ 1.60ஓ. சாதா பிளாஸ்டிக் துளை ஓரத்தில் பெயரும்.

ஜூலை 11

கேள்வி கேட்டவர் வாங்கிவிட்டார். 47, 19 ஃபிரேம், 1.60, ஆன்டி கிளேர் மட்டும். கூட்டினால் 66, தள்ளியது 2, விளிம்பு வரை 25.5. என் கணக்கில் 4.55 மி.மீ. வர வேண்டும். காலிப்பரை வைத்து அளந்து 4.7 என்று எழுதியிருக்கிறார், கொஞ்சம் குற்றம் சாட்டும் தொனியில். நடுவில் கொஞ்சம் கூடுதலாக விட்டிருப்பார்கள். புள்ளி வைத்து அளக்கச் சொன்னாராம், 62 வந்ததாம். கவுண்டரில் இருந்தவர் ‘நீங்க இந்தத் தொழிலா?’ என்று கேட்டாராம்.

புகைப்படத்துக்குக் கழற்றுவதில்லையாம். ஆனாலும் அந்தப் பெரிய வட்ட ஃபிரேம்தான் முகத்துக்கு எடுப்பாக இருந்தது என்று கடைசி வரியில் ஒரு முனகல்.

ஜூலை 12

முனகலுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன், எழுத முடியவில்லை. போன வாரம் நானே 51, 19 ஒன்று வாங்கியிருக்கிறேன். கறுப்பு, வட்டம். கூட்டினால் 70, தள்ளியது 4, விளிம்பு வரை 29.5. 1.67 போட்டும் காதுப் பக்கம் 5 மி.மீ.க்கு மேல் தூக்கி நிற்கிறது. கணக்கு எல்லாம் தெரிந்துதான் வாங்கினேன். மையம் மட்டும் 62.